வீரை மரத்தடியில் ஒரு பீங்கான்

கரடி உலாவுகிற காட்டில் இரவு தங்குவதற்கான விதிகளை எழுதித் தரும்படி போன மாதம் என்னிடம் கேட்டார்கள். கேட்டது நான் ஓய்வுபெற்ற கம்பெனியின் புதிய மேனேஜர், திலினி என்றொரு பிள்ளை. "அங்கிள், கதையெல்லாம் வேணாம். பொயிண்ட் பொயிண்டா வந்தாப் போதும்" என்றாள். கதை வேண்டாம் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவளில்லை. என் மனைவி ஸ்டெல்லா கல்யாணத்துக்கு மறுநாளே சொல்லிவிட்டாள்.

எழுதி அனுப்பினேன், சிங்களத்தில், பொயிண்ட் பொயிண்டாக. அடுத்த நாள் திரும்ப அழைத்தாள். "அங்கிள், ஆத்து வளைவில ஒரு முகாம் இருந்திச்சாமே. அவ்வளவு நல்ல இடத்தை ஏன் கைவிட்டாங்க? அங்க சுற்றுலாக்காரங்க தங்கக் கபானா கட்டலாம்னு பாக்கிறோம். ஒபிஸ்ல யாருக்கும் காரணம் தெரியல்ல."

தெரியாததில் வியப்பில்லை. தெரிந்தவர்களில் ஒருவர் கல்லறையில் இருக்கிறார், ஒருவர் மகளோடு கட்டாருக்குப் போய்விட்டார், ஒருவன் காட்டோரத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான். மிச்சம் நான், கண்டிக்கு அருகே அம்பிட்டியவில், மேட்டு வீட்டில். "அங்கே பாலை மரமும் வீரை மரமும் அதிகம், பழக் காலத்தில் கரடி வரும், கட்டாதீர்கள்" என்று ஒரு வரி அனுப்பினேன். அது உண்மைதான். மிச்ச உண்மையைத் தமிழில் எழுதுகிறேன். ஏன் தமிழில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓய்வுபெற்றவன் என்றதும் கிழவன் என்று நினைக்க வேண்டாம். என் முழங்கால்கள் அப்படி நினைக்கலாம். அவை என்னைவிட மூத்தவை. கம்பளையில் ஒரு பலசரக்குக் கடைக் கணக்கப்பிள்ளைக்குப் பிறந்தேன். பரீட்சையில் தோற்றேன், அதே கடையில் மூட்டை அடுக்கினேன், பிறகு கண்டியில் வெளிநாட்டுக்காரர்களைக் காட்டுக்கு அழைத்துப் போகும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் ஆனேன். நேர்முகத்தில் "காட்டு அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். கம்பளைச் சந்தையில் சனிக்கிழமை அரிசி எடுத்திருக்கிறேன் என்றேன். அந்தப் பதிலுக்குச் சிரிக்காமல் என்னை ஒருவர் மேலும் கீழும் பார்த்தார். பார்த்தார் என்பதைவிட மோப்பம் பிடித்தார் என்பது சரி. அவர்தான் ஹேரத் ஐயா, முகாம்களின் தலைவர்.

பழைய நில அளவையாளர். ஒல்லியான, குட்டையான மனிதர். தொப்பியைக் கழற்றாமல் யாரிடமும் எதையும் பறிக்க மாட்டார். "மன்னிக்கணும்" என்பார், தொப்பியைக் கழற்றுவார், கையை நீட்டுவார். அந்தக் கையில் நாம் ஒளித்து வைத்திருக்கும் பிஸ்கட் பைக்கற்றை வைத்தாக வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டுகிற மேலதிகாரியை மனதுக்குள் திருப்பித் திட்டலாம். மன்னிப்புக் கேட்கிற மேலதிகாரியை ஒன்றும் செய்ய முடியாது.

கண்டியிலிருந்து மலை இறங்கி வடக்கே போனால் குளிர் போய், பச்சை போய், காய்ந்த காடு வரும். மகாவலி ஆறு அங்கே அகலமாக, அவசரமில்லாமல் ஓடும். அந்தக் காட்டில் யானையும் சிறுத்தையும் உண்டு. வந்தவர்கள் அவற்றைத்தான் கேட்பார்கள். நாங்கள் பயந்தது கரடிக்கு. யானை தூரத்திலேயே சொல்லிக்கொண்டு வரும், சிறுத்தை ஒதுங்கிப் போகும். கரடிக்குக் கண் மந்தம், கோபம் உடனடி, கிட்டத்தில் திடுக்கிட்டால் முகத்தைத்தான் முதலில் பிடிக்கும். ஆனால் மூக்கு! கறையான் புற்றுக்குள், மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது என்று மேலே நின்று தெரிந்துகொள்கிற மூக்கு. அந்த மூக்குக்கு எதிராக ஒரு மனித மூக்கை நிறுத்தியிருந்தார்கள். அது ஹேரத் ஐயாவுடையது.

இடம் பார்ப்பதிலிருந்து தொடங்கும் அவர் வேலை. புற்றுக்குப் பக்கத்தில் கூடாரம் கிடையாது. மிருகங்கள் தண்ணீருக்கு இறங்கும் தடத்தில் கிடையாது. பாலையும் வீரையும் பழுக்கிற காலத்தில் அந்த மரங்களின் அடியில் நிச்சயமாகக் கிடையாது. கரடி மேலே இருக்கும்போது கீழே படுக்க யாருக்கு ஆசை? ஒரு பிடி மணலை எடுத்துத் தூவிக் காற்றைப் பார்ப்பார். தூங்கும் கூடாரங்கள் ஒரு பக்கம், சமையல் இன்னொரு பக்கம் காற்றுக்குக் கீழே, சாப்பாட்டுப் பெட்டிகள் இரண்டுக்கும் எட்டாத மூன்றாவது மூலையில். அந்த மூலைதான் என் ராஜ்ஜியம். கொல்லன் செய்த இரும்புப் பெட்டிகள், சங்கிலி, பூட்டு, நான்.

வெளிநாட்டுக்காரர் சிலர் கையேட்டோடு வருவார்கள். சாப்பாட்டைப் பையில் கட்டி மரத்தில் தொங்கவிட வேண்டும் என்று அதில் படம் போட்டிருக்கும். எங்கள் கரடி அந்தக் கையேட்டைப் படித்ததில்லை. தேனுக்காக எந்த மரத்தின் நுனிக்கும் ஏறுகிற பிராணிக்கு மரத்தில் கட்டி வைப்பது, வீட்டுக்காரர் பரிமாறுகிற மாதிரி. புதைப்பதும் வீண், தோண்டுவதற்கென்றே நகம் படைத்திருக்கிறது. அதனால் எல்லாம் இரும்புக்குள். மிச்சச் சோறு மூடியிட்ட பீப்பாயில் திரும்பக் கண்டிக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் துணியில் வடித்து, துணியையும் பீப்பாய்க்குள். பற்பசை, சவர்க்காரம், தலைவலித் தைலம், குழந்தைப் பவுடர், எல்லாம் என் பெட்டிக்கு வர வேண்டும். சமைத்த உடுப்போடு யாரும் படுக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துப் பூட்டிவிட வேண்டும்.

இதெல்லாம் மனிதர்கள் தாங்கக்கூடியது. தாங்க முடியாத விதி ஒன்று இருந்தது: கருவாடு கூடாது, சம்பலில் இடித்துப் போடுகிற மாசி மீனும் கூடாது. மாசியில்லாத சம்பலை வைத்துக்கொண்டு ஓர் இலங்கையன் எப்படிப் பாண் சாப்பிடுவான்? எங்கள் சமையற்காரர் ரஷீத் நானா, அவரும் கம்பளைக்காரர், இந்த விதியைக் கேட்ட நாள் முதல் துக்கம் காத்தார். ஒருமுறை மாசித் துண்டொன்றைத் தேயிலைத் தகரப் பேணிக்குள் புதைத்துக் கொண்டுவந்தார். ஹேரத் ஐயா சமையல் கூடாரத்துக்குள் வந்தார், நின்றார், தொப்பியைக் கழற்றினார்.

"நானா, மன்னிக்கணும். தேத்தண்ணி மீன் வாசமா இருக்கு."

பேணி கை மாறியது. அவர் போனபின் நானா என்னிடம் சொன்னார்: "பாத்தியாடா சவரி, அந்த மனிசன் கரடியாப் பொறந்திருந்தா நாம ஒருத்தரும் உசிரோட ஈக்க மாட்டம்."

கொழும்பிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பால் டொபியைத் தலையணைக்குள் ஒளித்துவிட்டு, இல்லவே இல்லை என்றார். ஹேரத் ஐயா வாதாடவில்லை. கதிரையொன்றைக் கொண்டுவரச் சொல்லிக் கூடாரவாசலில் உட்கார்ந்தார். "நீங்க நிம்மதியாப் படுங்க, சேர். நான் இங்கயே இருக்கிறேன். கரடி வந்தா முதல்ல என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரும்." சிறிது நேரத்தில் திரை விலகி ஒரு கை வெளியே வந்தது. அந்தக் கையில் டொபி. எத்தனையோ பேருக்குத் தண்டனை எழுதிய கையாக இருந்திருக்கும்.

எங்கள் கூட்டத்தில் நான்காவது ஆள் சுமனே. தடம் பார்ப்பவன். காட்டோரத்துச் சிங்களக் கிராமத்தான், எங்களில் இளையவன். என்னை 'சவரி அய்யே' என்பான். அய்யே என்றால் அண்ணன். நான் அவனை 'மல்லி' என்பேன், தம்பி என்று அர்த்தம். நாங்கள் பேசியது சிங்களம். இங்கே தமிழில் தருகிறேன், அவன் வசவுகளை நீக்கிவிட்டு. அவற்றுக்குத் தமிழில் இணை இருந்தாலும் நான் மாதா கோயிலுக்குப் போகிறவன்.

காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கிழட்டு மரம் உண்டு. எந்த வண்டியும் அங்கே நிற்கும். இலையோடு ஒரு சின்னக் கிளையை முறித்து அந்த மரத்தில் தொங்கவிட்டுக் கும்பிட்டபின்தான் உள்ளே போவார்கள். காட்டைக் காக்கிற தெய்வத்துக்கு அது சொல்லி நுழைவது. எங்கள் ஜீப்பில் அதைச் செய்வது சுமனே. நானாவும் நானும் தலையைக் குனிந்து எங்கள் எங்கள் ஆளை நினைத்துக்கொள்வோம். கிளை மட்டும்தான். சாப்பாடு வைப்பதில்லை, அதுவும் ஹேரத் ஐயாவின் விதி. "தெய்வத்துக்கு இலை போதும். இலைக்குக் கரடி வராது."

ஆற்று வளைவு முகாம் எங்கள் நால்வருக்கும் பிடித்த இடம். நிழல், மணல், தண்ணீர். ஒரே குறை, தொலைபேசிக்கு அலை கிடையாது. மாலையில் முகாமுக்கு வெளியே ஒரு பாறையில் ஏறி நின்றால் ஒன்றிரண்டு கோடு கிடைக்கும். தனியே போகக் கூடாதென்பதால் சுமனே கோடரியோடு கூட வருவான். நான் ஸ்டெல்லாவோடு பேசுவேன், அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டைப் பார்த்து நிற்பான்.

ஸ்டெல்லா கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாதத்தில் பாதி நாள் நான் காட்டில், அவள் அம்பிட்டிய வீட்டில். "என்னங்க, கரடியெல்லாம் பத்திரமா இருக்கா?" என்றுதான் தொடங்குவாள். தனியே இருக்கிறாளே என்று நான் கவலைப்படுவதாக அவளிடம் சொல்வேன். "நீங்க இருந்தாலும் புத்தகத்துக்குள்ளதானே இருப்பீங்க" என்பாள். தனிமை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும் என்று அப்போது நினைத்திருந்தேன். பாறையில் ஏறினால் பதில் சொல்ல ஒரு குரல் இருந்தவரைக்கும் அதற்குத் தனிமை என்று பேர் வைத்தது என் திமிர்.

அந்த வருடம் வீரை பழுக்கத் தொடங்கிய நேரம். பறவை பார்க்கிற ஒரு சிறு கூட்டம் வந்திருந்தது. ஸ்டெல்லாவுக்கு வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள், நான் அதற்குள் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அன்று மாலை பாறையில் ஏறியதும் அவள் முதலில் கரடியை விசாரிக்கவில்லை.

"என்னங்க, நாளைக்கே செய்றாங்களாம். காலையில. இப்பவே வாட்டுல படுக்க வச்சுட்டாங்க."

"நான் இப்பவே கெளம்புறேன்."

"இருட்டுக் காட்டுல எப்படி வருவீங்க? அக்கா கூட இருக்காங்க. நீங்க வந்து என்ன, கத்தியைப் புடிக்கப் போறீங்களா?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "செபம் பண்ணுங்க. புத்தகத்தை மூடி வச்சிட்டுப் பண்ணுங்க."

கோடு போய்விட்டது. பாறையிலிருந்து இறங்கும்போது சுமனே என் நடையைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மிருகத்தின் நடையை வைத்து அதன் நோயைச் சொல்கிறவன். பாதி வழியில், "அய்யே, நோனாவுக்கா?" என்றான். நோனா என்றால் வீட்டம்மா. "நாளைக்கு ஆபரேஷன் மல்லி" என்றேன். "வெட்டுறாங்களா?" என்றான். ஆமென்றேன். அவன் கிராமத்தில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை போல.

ஹேரத் ஐயாவிடம் சொன்னேன். பொழுது சாய்ந்தபின் காட்டுப் பாதையில் வண்டி ஓடக் கூடாதென்பது அவர் போட்ட விதி. தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்கணும் சவரி. வெளிச்சம் வந்ததும் நானே ஓட்டுறேன்." நான் பெட்டிகளைப் பூட்டினேன். ஒவ்வொன்றையும் திரும்ப இழுத்துப் பார்த்தேன். செபமும் பண்ணினேன், பூட்டை இழுத்த அளவு உறுதியாக அது வரவில்லை.

விடியலின் சாம்பல் வெளிச்சத்தில் நான் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது சமையல் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் மோட்டார் காற்றை இழுப்பது போல ஓர் உறிஞ்சல். கூடவே எனாமல் பீங்கான் தட்டு கல்லில் உரசும் ஓசை. முகாமில் இருந்த எல்லாப் பீங்கானும் என் பெட்டிக்குள் இருந்தன. இருந்தன என்று நினைத்திருந்தேன்.

வெளியே வந்தேன். நானா கேத்தலோடு அப்படியே நின்றார். வீரை மரத்தடியில், கறுப்பாக, கலைந்த மெத்தையொன்றைக் குவித்து வைத்தது போல, கரடி. முகம் பீங்கானுக்குள்.

இதற்கும் விதி உண்டு. ஓடக் கூடாது. கத்தக் கூடாது. எல்லோரும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும், தூரத்திலிருந்து ஒருவர் மட்டும் மூடியைத் தட்டி மெதுவாகச் சத்தம் எழுப்ப வேண்டும். கரடி தானாக முடிவெடுத்துப் போக வழி விட வேண்டும். ஹேரத் ஐயா சட்டிமூடியைத் தட்டத் தொடங்கினார், பூசைமணி போல நிதானமாக. கரடி தலையைத் தூக்கியது. பின்னங்காலில் எழுந்து நின்று, மந்தக் கண்ணால் எங்களைப் பார்த்தது, பஸ்ஸின் பெயர்ப்பலகையைக் கண்ணாடியில்லாமல் வாசிக்க முயல்கிறவர் போல. போய்விட்டிருக்கும். அது திரும்பவும் செய்தது.

அது திரும்பிய பக்கத்தில் கழிப்பறைக் கூடாரம். அதற்குள்ளிருந்து ஒரு குரல்: "வெளியே என்ன சத்தம்?" வந்திருந்த கூட்டத்தில் ஓர் ஆசிரியை. திரையின் கொக்கியைக் கழற்றுகிறாள்.

"மேடம், மன்னிக்கணும்" என்றார் ஹேரத் ஐயா, அதே குரலில், மூடியைத் தட்டிக்கொண்டே. "தயவுசெய்து உள்ளயே இருங்க. அவசரமில்ல."

திரை பாதி திறந்தது. கரடி திடுக்கிட்டது. அப்போது சுமனே நடந்தான். ஓடவில்லை, நடந்தான். கைகளை அகலவிரித்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே கரடிக்கும் அந்தத் திரைக்கும் இடையே போய் நின்றான். அவன் குரலைக் கரடி கேட்டதா, அவன் வாசனையில் அந்தப் பீங்கானின் இனிப்பைக் கண்டதா, தெரியாது. ஒரே பாய்ச்சல். முகத்துக்கு வந்ததை இடது கையால் மறித்தான். அவ்வளவுதான், மூச்சு விடும் நேரம்கூட இல்லை. கரடி அவனைத் தள்ளிவிட்டு, பீங்கானையும் மறந்து, காட்டுக்குள் போய்விட்டது. திரைக்குப் பின்னாலிருந்த ஆசிரியை, "அவசரமில்ல என்று சொன்னீர்களே" என்று அழத் தொடங்கினாள்.

நான் கட்டியிருந்த சாரத்தைக் கிழித்து அவன் கையைச் சுற்றினேன். விரல்கள் இருக்க வேண்டிய மாதிரி இருக்கவில்லை. எனக்காக விடியலில் புறப்பட இருந்த ஜீப் அவனுக்காகப் புறப்பட்டது. ஏற்றும்போது நானா என் காதருகே வந்தார்.

"சவரி, அந்தப் பீங்கான் ஒன் பொஞ்சாதிக்காக வெச்சது."

"என்ன?"

"பாரம் வெச்சான், நேத்திக்கடன் மாதிரி. பொழுது பட மொதல்ல எங்கிட்ட வந்து கேட்டான். கதலிப் பழம், சோறு, கித்துள் பாணி. எலை போதாதாம், வெட்டுற விசயமாம். விடிய மொதல்ல எடுத்துருவேன்டு சொன்னான். தெய்வத்துக் காரியத்துல நான் எப்படிடா மாட்டேன்டு சொல்ற?"

நான் என் பெட்டியைப் பூட்டுமுன் நானா எடுத்த பீங்கான் அது. பௌத்தன் ஒருவன், கத்தோலிக்கப் பெண்ணுக்காக, காட்டுத் தெய்வத்திடம், ஒரு முஸ்லிம் தந்த கித்துள் பனையின் பாகை வைத்து வேண்டியிருக்கிறான். சாப்பிட்டது கரடி.

ஜீப்பை ஹேரத் ஐயா ஓட்டினார். பின்னால் சுமனேயின் தலை என் தோளில். கொஞ்ச தூரம் போனபின் கண்ணாடி வழியே அவனைப் பார்த்தார்.

"கிளை போதும் என்று சொல்லியிருக்கேன், சுமனே."

"ஓம் ஐயா."

"பின்ன?"

"ஒரு பாரம், ஐயா."

"யாருக்கு?"

சுமனே வெளியே பார்த்தான். நான், "எனக்கு" என்றேன். "ஸ்டெல்லாவுக்கு."

காடு முடியுமிடத்தில், அந்தக் கிழட்டு மரத்தருகே ஜீப் நின்றது. உள்ளே போகும்போதுதான் அங்கே நிற்பது வழக்கம். வெளியே வரும்போது யாரும் நிறுத்தியதில்லை, அதுவும் இரத்தம் கசிகிற ஆளை வைத்துக்கொண்டு. ஹேரத் ஐயா இறங்கினார், ஒரு கிளையை முறித்தார், மரத்தில் தொங்கவிட்டார், தொப்பியைக் கழற்றி ஒரு கணம் நின்றார். வந்து ஏறி, முன்னைவிட வேகமாக ஓட்டினார்.

பெரியாஸ்பத்திரியில் ஒரே கட்டடத்தில் மேலே ஸ்டெல்லா, கீழே சுமனே. நான் படிகளில். மத்தியானம் டாக்டர் வந்து, கட்டி மோசமானதில்லை, முழுதாக எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்றார். கீழே இறங்கி வந்தேன். சுமனேயின் கை பெரிய வெள்ளைப் பொட்டலமாக நெஞ்சில் கிடந்தது. இரண்டு விரலை எடுத்துவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கேட்டது:

"நோனா?"

"நல்லாயிருக்கா மல்லி. ஒன்றுமில்லையாம்."

"அப்ப சரி" என்றான். கண்ணை மூடிக்கொண்டான். கடையில் சாமானுக்கும் காசுக்கும் சரியாகிவிட்டது என்று சொல்கிற குரல்.

வெளியே வாங்குப் பலகையில் ஹேரத் ஐயா உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில்.

"சவரி, கரடி இப்ப பீங்கானைப் படிச்சிட்டுது. அடுத்த வருசமும் வரும். பசிச்சா கூடாரத்துக்குள்ள வரும். அந்த இடம் முடிஞ்சுது. நாளைக்கே பிரிக்கச் சொல்றேன்."

"சுமனே?"

"குணமாகட்டும். செலவெல்லாம் கம்பெனி பாக்கும். காட்டுக்கு வேணாம்."

"ஐயா, அவன் அந்த அம்மாவுக்கு முன்னால போய் நின்றான்."

"நின்றான். அதனாலதான் ஒரு ஆள் உசிரோட இருக்கு. பீங்கான் வச்சதும் அவன்தான். தெய்வத்துக்கு வச்சதா, கரடிக்கு வச்சதா என்று மூக்குக்குத் தெரியாது." மடியிலிருந்த தொப்பியைத் திருப்பியபடி, "நானும் இன்றைக்கு வெளிய வரும்போது கிளை போட்டேன். சாப்பாடு என்கிட்ட இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேனோ தெரியாது. அதுக்காகத்தான் விதி, சவரி. நல்லவனுக்காகப் போடுறதுதான் விதி." என்னிடம் மன்னிக்கணும் என்று சொல்லாமல் அவர் எடுத்துக்கொண்ட ஒரே பொருள் சுமனே.

ஆற்று வளைவு முடிந்தது, நாங்கள் நால்வரும் முடிந்தோம். நானா வேறு முகாமுக்குப் போனார். நான் புதிய ஆட்களோடு வேறு பெட்டிகளைப் பூட்டினேன். எல்லோரும் நல்ல பிள்ளைகள். பாறையில் ஏறும்போது கூட வந்தார்கள், என்னைப் பார்த்தபடி நேரத்தைப் பார்த்தார்கள். பிறகு முகாம்கள் மரவீடுகளாயின, வீடுகளுக்குள் குளிரூட்டிகள் வந்தன, குளிரூட்டிக்கு ஸ்டோர் கீப்பர் தேவைப்படவில்லை. காலத்துக்கு முன்பே மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி ஸ்டெல்லாவோடு இருக்கலாம் என்று வந்தேன். கொஞ்ச காலம் இருந்தோம். அவள் சொன்னது சரிதான், பாதி நேரம் புத்தகத்துக்குள்தான் இருந்தேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. பழைய கட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். அது எனக்கு ஏன் முக்கியமாகப் பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

சுமனேக்கு ஸ்டெல்லா ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்துமஸுக்கும், கேக் அனுப்புவாள். அவள் கையால் செய்தது, நீலத் தகரப் பேணியில், மாத்தளைப் பக்கம் போகிற பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம். பேணி புத்தாண்டுக்குக் கொக்கிஸ் பலகாரத்தோடு திரும்பி வரும். அவள் போனபின் வந்த நத்தாரில் பேணி அலுமாரி மேலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்டியில் ஒரு பேக்கரியில் கேக் வாங்கி, அதற்குள் வைத்து அனுப்பினேன். கடிதம் ஒன்றும் வைக்கவில்லை. அடுத்த நத்தாருக்கும் அப்படியே.

திலினி கேட்டபின்தான், அவன் கதையை அவனைக் கேட்காமல் எழுதக் கூடாதென்று தோன்றியது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறினேன். மலை இறங்கியது, பச்சை போனது. காட்டோரச் சந்தியில் அவன் கடை. வட்டக்காய்ப் பூசணி குவிந்திருக்க, புடலங்காய் தொங்க, அவற்றுக்கு நடுவே நரைத்த சுமனே. மூன்று விரல் கையால் தராசைப் பிடித்திருந்தான்.

"அடேய், சவரி அய்யே! கரடி தின்றுட்டுது என்று நினைச்சேன்."

"வாயில வச்சிட்டு துப்பிட்டுது மல்லி. ருசி இல்லையாம்."

கதிரை போட்டான். தேத்தண்ணி வந்தது. விசயத்தைச் சொன்னேன். தாராளமாக எழுதுங்கள் என்றான். "ஆனா அந்தக் கரடியைக் குறை சொல்லாதீங்க. அது சாப்பிட வந்தது. நான்தானே கூப்பிட்டேன்." பிறகு கையைத் தூக்கிக் காட்டினான். "கிராமத்தில எல்லாரும் சிரிப்பாங்க. ரெண்டு விரலைக் கரடிக்குக் குடுத்தவன் என்று. நான் சொல்வேன், சும்மா குடுக்கல்ல, அதுக்கு ஒரு ஆள் எழும்பி நடக்குது என்று."

எனக்குத் தெரிந்துவிட்டது, அடுத்தது என்ன கேட்பான் என்று.

"நோனா எப்படி?"

அன்று ஆஸ்பத்திரியில் சொன்ன அதே வாக்கியம் கைவசம் இருந்தது. "நல்லாயிருக்கா மல்லி."

அவன் தராசின் தட்டைத் துடைத்தான். மெதுவாகத் துடைத்தான். "கேக் கிடைச்சுது. இப்ப ருசி கொஞ்சம் மாறியிருக்கு. நல்லாத்தான் இருக்கு. கடைக் கேக் மாதிரி."

"வயசாகுதுதானே. கை முன்ன மாதிரி இல்ல."

"அப்படித்தான்" என்றான். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பாறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்ற மாதிரி, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். மிருகத்தின் நடையை வைத்து நோயைச் சொல்கிறவன். விளங்கிக்கொண்டானா, எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

பஸ் வந்தபோது ஒரு போத்தலைக் கடதாசியில் சுற்றிக் கையில் வைத்தான். கித்துள் பாணி. "நோனாவுக்கு" என்றான்.

இதைத் தமிழில் எழுதியதற்குக் காரணம் அதுதான். சுமனேக்குத் தமிழ் வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த நீங்கள் யாராவது அந்தச் சந்தியில் மரக்கறி வாங்க நேர்ந்தால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

என் வீட்டில் இன்றும் பொழுது சாயுமுன் எல்லாச் சாப்பாடும் பூட்டப்படும். அம்பிட்டியவில் கரடி கிடையாது. பழக்கத்துக்கு அது தெரியாது. விதிகள் இவ்வளவு சுத்தமாக நடைபெறும் முகாம் ஹேரத் ஐயாவுக்கும் வாய்த்ததில்லை. யாரும் வருவதில்லை, எதுவும் வருவதில்லை. அன்று பஸ்ஸால் வந்ததும் வழக்கம்போல எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். போத்தலை மட்டும் மேசையில், ஸ்டெல்லா உட்காரும் பக்கத்தில் வைத்தேன். திறந்து பார்த்தேன். காட்டு வாசனை. மூடியைத் திரும்பப் போடாமல் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்தபோது ஜன்னலிலிருந்து சுவர் வழியே, மேசைக்கால் ஏறி, போத்தலின் வாய்வரைக்கும் எறும்பு வரிசை. ஒன்றையொன்று முட்டி விசாரித்துக்கொண்டு, அவசரமாக, ஏதோ விசேஷ வீட்டுக்கு வந்த மாதிரி. தொப்பியிருந்தால் கழற்றியிருப்பேன். கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். விரட்டவில்லை.